பைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்

சுற்றுலா என்று எங்கு சென்றாலும் பைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே நம் வீடுகளில் ஒரு கூட்டம் உண்டு. ஆண் பிள்ளைகள் ராட்டினத்துக்கு ஓடுவார்கள். அவர்களுடைய செருப்பும் கைப்பேசியும் தண்ணீர்ப் புட்டியும் மாற்றுடையும் ஒரு மர நிழலில் குவிக்கப்படும். அந்தக் குவியலைச் சுற்றிப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். யாரும் அவர்களைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. யாரும் அவர்களை அழைத்ததாகவும் சொல்ல முடியாது.

எங்கள் மக்தப் மதரஸா கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளிவாசலை ஒட்டிய இரண்டு அறைகளில் நடைபெறுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஓதிவிட்டுச் செல்வார்கள். காலாண்டு விடுமுறையில் பெங்களூருக்கு அருகிலுள்ள வொண்டர்லா பூங்காவுக்கு ஒருநாள் பயணம் செல்லலாம் என்று அறிவித்தபோது, ஆண் பிள்ளைகளின் பக்கம் எழுந்த கூச்சல் பள்ளிவாசல் முற்றம் வரை கேட்டது. பெண் பிள்ளைகளின் பக்கம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். "நான் வரலை ஆலிமா. போன வருசம் ஸ்கூல்ல ஒரு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவளுடைய துப்பட்டாவைக் காரணம் காட்டி முதல் விளையாட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். அதன்பின் அவளும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

அன்று இரவு இஷாவுக்குப் பிறகு நாங்கள் அமர்ந்து பேசினோம். நாங்கள் என்றால் ஹஜ்ரத், ஆலிமா, உதவிக்கு நிற்கும் இருவர். துப்பட்டாவோடு ஏற்ற மறுத்தவர்கள் மீது பழி சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சுழலும் இயந்திரத்துக்கு அருகில் தொங்கும் துணி என்ன செய்யும் என்பதை மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எவரும் அறிவர். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு ஒன்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதியே கூறுகிறது. பின்னால் அமர்ந்திருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நாம் 'சாரி கார்டு' என்று அழைக்கும் கம்பி வலை அதற்காகத்தான் இருக்கிறது. ஆகவே விதி சரியானது. அந்த விதிக்குள் நம் பிள்ளைகளும் விளையாட வழி உண்டா என்று முன்கூட்டியே யோசித்தவர் எவரும் இல்லாததுதான் அந்த மாணவிக்கு நேர்ந்தது.

பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. பெண் பிள்ளைகளை ஆட்டபாட்டத்துக்கு அழைத்துச் செல்வது மதரஸாவின் வேலையா என்று கேட்டார் பெரியவர் ஒருவர். மரியாதையோடுதான் கேட்டார். ஹஜ்ரத்தும் மரியாதையோடு பதில் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னையவர்கள் நபியவர்களின் தோளுக்குப் பின்னிருந்து, தமக்கே போதும் என்று தோன்றும் வரை பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறோம். சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்றார் அவர். பெரியவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் தம் பேத்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

கூட்டத்தை உண்மையில் முடித்து வைத்தவர் வேறொருவர். எட்டாம் வகுப்பு மாணவியின் நன்னி, எழுபதைத் தாண்டியவர், திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்: "எங்க காலத்துல பெருநாளைக்குப் புளியமரத்துல கயிறு போட்டு ஊஞ்சல் ஆடலையா? ஆம்பளைங்க எட்டாத உசரத்துக்கு ஆடினோம். முந்தானையை இடுப்புல இறுக்கிச் செருகிக்கிட்டா ஆச்சு."

அந்த ஒரு வரியைத்தான் ஆலிமா தையல் திட்டமாக மாற்றினார். தொங்கும் முனை எதுவும் இருக்கக்கூடாது, ஊசியும் கூடாது. குலுக்கலில் குண்டூசி கழன்றால் கழுத்தில்தான் குத்தும். எனவே தலைவழியாக உறைபோல் மாட்டிக்கொள்ளும் முக்காடு, அதன் கீழ்ப்பகுதி மேற்சட்டைக்குள் செருகப்படும்படி தைக்கப்பட்டது. முழங்கால் வரை மேற்சட்டை, அதன் கீழே காற்சட்டை. நீரில் இறங்குவதற்குத் தனித் துணி வேண்டும். பூங்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். உடல் முழுவதும் மூடியிருப்பதில் தடையில்லை, துணிதான் நைலானாகவோ லைக்ராவாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். பருத்தியின் நூலிழைகள் நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளை அடைத்துவிடும், நனைந்தால் கனத்துப்போய் உடலையும் இழுக்கும். காரணம் தெரிந்ததும் தாய்மார்கள் முறுமுறுப்பதை நிறுத்தினார்கள்.

இதில் நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. லெபனானில் பிறந்து சிட்னியில் வளர்ந்த அஹீதா ஸனெட்டி என்ற பெண்மணி 2004இல் இதே தேவைக்காகத்தான் 'புர்கினி' உடையை வடிவமைத்தார். முக்காட்டோடு பந்து விளையாடத் திணறிய உறவுக்காரச் சிறுமி ஒருத்தியைப் பார்த்ததில் தொடங்கியது அந்த யோசனை. 2016இல் பிரான்சின் கடற்கரை நகரங்கள் சில அதைத் தடை செய்தபோது உலகமே அவ்வுடையைப் பற்றிப் பேசியது. எங்கள் ஊர்த் தையற்காரப் பெண்மணிக்கு இவை எதுவும் தெரியாது. லைக்ராத் துணி ஊசியில் வழுக்குகிறது என்பது மட்டுமே அவருடைய புகார். பதினேழு பிள்ளைகளுக்குப் பதினேழு உடைகள். கூலி வாங்க மறுத்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தகப்பனை இழந்த பிள்ளைகள் மூவருக்குக் கட்டணம் செலுத்த இயலவில்லை. ஜகாத் நிதியிலிருந்து எடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஜகாத் பசிக்கும் கடனுக்கும் உரியது, ராட்டினத்துக்கு உரியதன்று என்று ஹஜ்ரத் உறுதியாக மறுத்தார். மறுத்த கையோடு தம் சட்டைப்பையிலிருந்து ஒருவருக்கான தொகையை எடுத்து வைத்தார். மற்ற இருவருக்கானது அந்த இடத்திலேயே சேர்ந்துவிட்டது.

புறப்பட்ட நாள் ஒரு புதன்கிழமை. ஸுபுஹ் தொழுது பயண துஆவை எல்லோரும் சேர்ந்து ஓதினோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு பேருந்து ஓசூர் சாலையைப் பிடித்தது. ஊரெல்லையைக் கடந்ததும் ஹஜ்ரத் ஒலிபெருக்கியை வாங்கி, இன்று நாம் முஸாஃபிர்கள், நான்கு ரக்அத் தொழுகைகள் நமக்கு இரண்டு என்று அறிவித்தார். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பூங்கா நூற்று இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. நம் ஆலிம்கள் கஸ்ருக்குச் சொல்லும் எழுபத்தேழு கிலோமீட்டரை அது எளிதாகத் தாண்டிவிடுகிறது. மஃரிபைப் பாதியாக்கினால் ஒன்றரை வருமே என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அதனால்தான் அது குறைவதில்லை என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். ஹஜ்ரத் சிரித்தாரே தவிர அந்தக் காரணத்தை ஆமோதிக்கவில்லை.

எலக்ட்ரானிக் சிட்டிக்கு அருகே நைஸ் சாலையில் ஏறி, நகரத்தின் நெரிசலைச் சுற்றி மைசூர் சாலைக்கு வந்தோம். பூங்காவைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் பிடதி. தட்டை இட்லிக்குப் பெயர்போன ஊர். சிறு தட்டளவு அகலமான இட்லியில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும். ஹலால் பற்றிய கவலை இல்லாமல் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் வயிறு நிறைய வாங்கிக் கொடுக்க ஏற்ற உணவு. பூங்காவுக்குள் வெளியுணவு கொண்டுசெல்ல முடியாது என்பதால் காலையிலேயே நன்றாகச் சாப்பிட வைத்துவிடுவது நல்லது. நண்பகலுக்கு உள்ளேயே சைவச் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சவுசேப் சிற்றிலப்பிள்ளி 2000இல் கொச்சிக்கு அருகே 'வீகாலேண்ட்' என்ற பெயரில் முதல் பூங்காவைத் திறந்தார். பெங்களூர்ப் பூங்கா 2005இல் வந்தது. உள்ளே நுழைந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, பைகளைக் கட்டணப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டியதுதான். பூட்ட முடியாமல் மிஞ்சிய செருப்புகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் எங்களில் ஆண்கள் இருவர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். இதற்காக எவரும் எங்களைப் பாராட்ட வேண்டியதில்லை. நிழல் நன்றாகவே இருந்தது.

சிறிய விளையாட்டுகளைப் பற்றி விரித்துச் சொல்லப்போவதில்லை. ஊசலாடும் கப்பல், சுழலும் கிண்ணங்கள், மோதிக்கொள்ளும் கார்கள் என எந்தப் பூங்காவிலும் உள்ளவைதாம். அளவுகோல் வைத்து உயரம் பார்க்கும் இடத்தில் நுனிக்காலில் நின்ற சிறுவர்களும், அதைக் கண்டு தோளைத் தொட்டு அமுக்கிய பணியாளரும் எங்களைச் சிரிக்க வைத்தார்கள். பேச வேண்டியது 'ரீகாயில்' என்னும் ரோலர் கோஸ்டரைப் பற்றித்தான்.

அதில் எஞ்சின் கிடையாது என்பதைப் பிள்ளைகளில் பலர் நம்பவில்லை. இருக்கைத் தொடரைப் பின்புறமாக உயரத்துக்கு இழுத்துச்சென்று விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அதை ஓட்டுவது அதன் எடையும் உயரமும் மட்டுமே. கீழே பாய்ந்து, தலைகீழ் வளையங்களைச் சுற்றி, மறுமுனையிலுள்ள சரிவில் ஏறி நிற்கிறது. உராய்வில் சிறிது ஆற்றல் போய்விடுவதால், விட்ட உயரத்துக்கு அது தானாக ஏறிவிட முடியாது. அங்கே மீண்டும் இழுத்து விடுகிறார்கள். இப்போது வந்த வழியே, பின்னோக்கி, எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் திரும்ப வேண்டும். பத்தாம் வகுப்பு இயற்பியல் பாடத்தை வரிசையில் நின்றபடி ஒரு மாணவி மற்றவர்களுக்கு விளக்கினாள். பேருந்தில் மிக உரக்கப் பேசிய பையனோ, தன் முறை வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பக்கத்து வழியில் இறங்கிப் போய்விட்டான்.

வரிசையில் ஒரு கேள்வி எழுந்தது. வாகனத்தில் ஏறும் துஆவை இதற்கும் ஓதலாமா? இது எந்த ஊருக்கும் போகாத வாகனம் ஆயிற்றே? ஸுக்ருஃப் அத்தியாயத்தின் வசனத்தைக் கொண்ட அந்த துஆவில், நம்மால் அடக்கியிருக்க முடியாத ஒன்றை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைப் போற்றுகிறோம், அவனிடமே திரும்பிச் செல்வோம் என்கிறோம். இதில் அமர்ந்து பார்த்தபின் அது பொருந்துமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் ஹஜ்ரத். கூடவே இன்னொன்றையும் நினைவூட்டினார். நபித்தோழர்கள் மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. இதைக் கேட்டதும் பையன்களின் முகம் மலர்ந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. நாற்புறமும் பல ஊர் மக்கள் நின்ற கூட்டம் அது. இருபது தொண்டைகள் ஒன்றாகத் தக்பீர் முழங்கினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை, இக்காலத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துச்செல்லும் எந்தப் பெற்றோருக்கும் உள்ளதுதான். அச்சத்தைக் காரணமாகச் சொல்ல ஹஜ்ரத் விரும்பவில்லை. குரலை உயர்த்தித் தக்பீர் சொன்ன தோழர்களிடம், உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள், காது கேளாதவனையோ தொலைவில் இருப்பவனையோ நீங்கள் அழைக்கவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் அறிவுரை சொன்னதை எடுத்துக் கூறினார். அதுவும் அபூமூஸா (ரலி) வழியாகப் புகாரியில் வருவதுதான். பிள்ளைகள் உதட்டளவில் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். இறங்கும்போது எழுந்த அலறலில் எது தஸ்பீஹ், எது "அம்மா" என்று பிரித்தறிய முடியவில்லை என்பது வேறு செய்தி.

பெண் பிள்ளைகளின் முறை வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஆலிமாவுக்கு முன்னால் நின்றிருந்தாள். நுழைவிடத்தில் நின்ற பணியாளர் ஒரு பெண். முக்காட்டைக் கண்டதும் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தப் பிள்ளையின் முகத்தில் இரத்தம் வடிந்ததை நாங்கள் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். சென்ற ஆண்டும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். பணியாளர் அவளுடைய கழுத்தின் பின்புறம் விரல்களால் தடவிப் பார்த்தார். முனை எங்கே என்று தேடினார். தோளில் பார்த்தார், முதுகில் பார்த்தார். எங்கும் இல்லை. உடனே ஆலிமாவின் முக்காட்டையும் பார்த்தார். பின்னர் கன்னடம் கலந்த தமிழில், "இது நல்லா இருக்கே, யார் தைச்சது?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை தன் நன்னி என்று சொல்லிவிட்டாள். தைத்தது அவரல்லர். ஆனாலும் நாங்கள் திருத்தவில்லை.

தோளின்மேல் இறங்கும் பிடிப்பு பூட்டப்பட்டதை ஒவ்வொருவராக இழுத்துச் சோதித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பைச் சாட்டச் சொன்ன நபிமொழியை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் எங்களால் காட்டியிருக்க முடியாது. தொடர் பின்னோக்கி ஏறியது. அவ்வளவு உயரத்தில் பிள்ளைகளின் முகங்கள் தெரியவில்லை, வரிசையாக வண்ண முக்காடுகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவை எங்கள் தலைக்கு மேலாகத் தலைகீழாகப் பறந்தன. ஒரு முனையும் ஆடவில்லை. இரண்டு நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. இறங்கி வந்தவளுக்குக் கால் நடுங்கியது, கண்ணில் நீர் நின்றது. அவள் சிரித்த சிரிப்பை மதரஸாவில் நான்கு ஆண்டுகளில் நாங்கள் ஒரு நாளும் கண்டதில்லை. "ஆலிமா, இன்னொரு தடவை" என்றாள். அன்று மூன்று முறை ஏறினாள். ஹஜ்ரத் ஒரு முறை ஏறினார். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்து ஏறியவர், இறங்கியதும் கற்பலகை ஒன்றில் பத்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு எலுமிச்சைச் சாறு கேட்டார்.

நீர் விளையாட்டில் நாங்கள் ஒரு கோடு வகுத்துக்கொண்டோம். ஆண்களும் பெண்களும் ஒரே நீரில் நெருக்கியடித்து நிற்கும் அலைக்குளத்துக்கும் இசை மழைக்கும் பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை. பத்தாம் வகுப்பு ஆண் பிள்ளைகளையும் அனுப்பவில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஒரு பாலாருக்கு மட்டும் வந்ததன்று. ஒருவர் ஒருவராகச் சறுக்கி இறங்கும் குழாய்களே எங்கள் தேர்வு. இதுவும் அதிகம் என்பவர்கள் உண்டு, இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் கோட்டைத் தானே வரையட்டும். ஆனால் வரைந்தபின் அதற்குள் பிள்ளைக்கு விளையாட ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.

ளுஹரை உணவுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் தொழுதோம். காவலரிடம் அனுமதி கேட்டபோது அவரே இடத்தைக் காட்டினார். கிப்லாவைக் கைப்பேசியில் பார்த்தோம். நம் ஹனஃபி மத்ஹபில் பயணத்திலும் ளுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்ப்பதில்லை என்பதால், நான்கேகாலுக்கு மறுபடியும் பிள்ளைகளைத் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு நாளின் மிகக் கடினமான வேலை அதுதான் என்று நினைத்திருந்தோம். சறுக்குக் குழாயின் வரிசையில் பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது? ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெண் பிள்ளைகள் உடை மாற்றி, உளூ செய்து, புல்வெளியில் அணிவகுத்திருந்தார்கள். ஆண் பிள்ளைகளில் நால்வரைத் தேடிப் பிடிக்க கால்மணி நேரம் ஆனது. பேருந்தில் தக்பீர் முழக்கத்துக்கு ஆசைப்பட்டவர்கள்தாம் அந்த நால்வரும்.

மஃரிபை வழியில் ஒரு பள்ளிவாசலில் தொழுது, இரவு பதினொரு மணிக்கு ஊர் சேர்ந்தோம். பேருந்து நின்ற இடத்தில் காத்திருந்த அத்தாமார்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவரும் வந்திருந்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகப் போனால் வானம் எப்படித் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டே போனார்.

அந்தப் பதினேழு உடைகளும் துவைத்து, மடித்து, அளவு எழுதிய துண்டுத்தாளுடன் மதரஸா அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலா செல்லும் எந்தப் பிள்ளையும் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம், திரும்பத் தரும்போது துவைத்துத் தந்தால் போதும். சென்ற வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வந்து இரண்டை வாங்கிச் சென்றார். நடுத்தர அளவு தீர்ந்துவிட்டதால் இன்னும் நான்கு தைக்கக் கொடுத்திருக்கிறோம்.